டச்சு வாக்கியத்தில் வினைச்சொல்லின் இடம்: ஒரு மாணவியின் கடிதத்தை முன்வைத்து

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஆறேழு வரிக் கடிதம். வீட்டின் வெப்பமூட்டி பழுதாகிவிட்டது, சரிசெய்ய ஆள் அனுப்புங்கள் என்று வீட்டு உரிமையாளரின் அலுவலகத்துக்கு எழுதும் பயிற்சி. எழுதியவர் நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில் வசிக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். பொறியியல் பட்டதாரி. முதல் வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவர். கணவரின் வேலைக்காக அங்கே போனவர், தானும் வேலை தேடுவதற்காக 'ஸ்டாட்ஸ்எக்ஸாமன்' என்ற அரசு மொழித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று அதில் நான்கு பகுதிகள். அவர் எழுத நினைத்தது அதன் முதல் நிலை. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் பி1. அவருக்கு இணையவழியில் டச்சு சொல்லிக்கொடுப்பவள் நான். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மாணவி என்றே குறிப்பிடுகிறேன்.

டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் தர முடிகிறது. தொண்டையை உரசி வரும் டச்சு ஒலியையும் சாதாரண 'ஹ'வையும் இங்கே ஒரே எழுத்தால் எழுதியிருக்கிறேன். உச்சரிப்பு பழக விரும்புகிறவர்கள் இந்தக் கட்டுரையை நம்ப வேண்டாம். சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

கடிதம்

முதல் வரி சரியாகவே இருந்தது: 'த ஃபெர்வார்மிங் இஸ் கபொட்.' வெப்பமூட்டி பழுது. அதற்குப் பிறகு வந்தவை:

'ஹிஸ்தரன் இக் ஹெப் ஹபெல்ட் யூ கந்தோர்.' நேற்று நான் உங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன் என்று சொல்ல வந்தது.

'ஹெட் இஸ் மூய்லக், ஒம்டாட் மெய்ன் டொஹ்தர் இஸ் ஸீக்.' என் மகளுக்கு உடம்பு சரியில்லாததால் கஷ்டமாக இருக்கிறது.

'அல்ஸ் ஹெட் இஸ் கௌட், ஸெய் கன் நீட் ஸ்லாப்பன்.' குளிராக இருந்தால் அவளால் தூங்க முடிவதில்லை.

'குன்ட் யூ ஸ்தூரன் அன் மொன்தேர் மோர்ஹன்?' நாளை ஒரு பழுதுபார்ப்பவரை அனுப்ப முடியுமா?

'இக் பெல் ஒப் யூ மோர்ஹன்.' நாளை உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன்.

சொற்களில் ஒன்றுகூடத் தவறில்லை. எழுத்துப்பிழை இல்லை. டச்சு கற்கிறவர்களைப் படாத பாடு படுத்தும் 'த', 'ஹெட்' என்ற இரண்டு சொற்களையும் இடமறிந்து போட்டிருக்கிறார். ஆனாலும் டச்சுக்காரர் ஒருவர் படித்தால் வரிக்கு வரி நெருடும். மேலே தந்தவற்றில் முதல் வரியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வினைச்சொல் தவறான இடத்தில் இருக்கிறது.

சரியான வடிவம் இது:

'ஹிஸ்தரன் ஹெப் இக் யூ கந்தோர் ஹபெல்ட்.'
'ஒம்டாட் மெய்ன் டொஹ்தர் ஸீக் இஸ்.'
'அல்ஸ் ஹெட் கௌட் இஸ், கன் ஸெய் நீட் ஸ்லாப்பன்.'
'குன்ட் யூ மோர்ஹன் அன் மொன்தேர் ஸ்தூரன்?'
'இக் பெல் யூ மோர்ஹன் ஒப்.'

பிழை எங்கிருந்து வந்தது

மாணவியின் வாக்கியங்களில் டச்சுச் சொல்லை எடுத்துவிட்டு அந்தந்த இடத்தில் ஆங்கிலச் சொல்லை வைத்துப் பார்த்தேன். ஆங்கில வரிசை ஒன்றுகூடக் கலையாமல் வந்தது. காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அவர் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டு டச்சுச் சொற்களை அதில் அடுக்கியிருக்கிறார்.

இதில் வியப்பு இல்லை. டச்சு ஆங்கிலத்தின் நெருங்கிய உறவு மொழி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பாடநூல்களும் 'இக் பென்', 'இக் வோன் இன் ஐன்ட்ஹோவன்' என்று குட்டி வாக்கியங்களில்தான் தொடங்குகின்றன. எழுவாய், வினை, இடம். ஆங்கிலம் தெரிந்தவர் 'அட, இது நமக்குத் தெரிந்த வரிசைதானே' என்று நிம்மதியாகிவிடுகிறார். பல பாடங்கள் தாண்டி, முதன்மை வாக்கியத்தைச் சார்ந்து 'ஒம்டாட்', 'அல்ஸ்' போன்ற சொற்களில் தொடங்கும் துணை வாக்கியங்கள் வரும்போதுதான் 'இங்கே வினை கடைசிக்குப் போகும்' என்று ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. அதற்குள் ஆங்கில வரிசை ஊறிவிடுகிறது. விதிவிலக்கை முதலில் கற்பித்துவிட்டு விதியைப் பின்னால் சொல்வது என்ன முறையோ, எனக்குப் புரிந்ததில்லை.

விதி எது, விலக்கு எது என்பது என் சொந்தக் கருத்து அல்ல. 1975இல் யான் கோஸ்டர் என்ற டச்சு மொழியியலாளர், டச்சு அடிப்படையில் எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை கொண்ட மொழி என்று வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். வினையின் சொந்த வீடு வாக்கியத்தின் கடைசி; முதன்மை வாக்கியத்தில் மட்டும் அது எழுந்து முன்னால் வருகிறது என்பது அவர் கட்சி. இன்று டச்சு இலக்கணம் பேசும் பலரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பள்ளியில் படித்த தமிழருக்கு இது புதிய செய்தியே அல்ல.

கோஸ்டர் காட்டிய சான்றுகளில் ஒன்று மாணவியின் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது. 'ஒப்பெல்லன்' என்பது தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் ஒற்றைச் சொல். முன்னொட்டு 'ஒப்', வினை 'பெல்லன்'. துணை வாக்கியத்தில் இரண்டும் ஒட்டியே இருக்கும்: 'டாட் இக் யூ மோர்ஹன் ஒப்பெல்.' முதன்மை வாக்கியத்தில் வினை மட்டும் முன்னால் போய்விடுகிறது: 'இக் பெல் யூ மோர்ஹன் ஒப்.' அந்த 'ஒப்' ஏன் கடைசியில் தனியாக நிற்கிறது? வினை முதலில் அங்கேதான் இருந்தது, அதனால். முன்னொட்டால் கூடவே போக முடியவில்லை.

பேசத் தொடங்கும் டச்சுக் குழந்தைகளும் இதற்குச் சாட்சி. வினையை உருமாற்றத் தெரியாத வயதில் அவை 'பாப்பா பூக் லேசன்' என்கின்றன. அப்பா, புத்தகம், படிக்க. தமிழ்க் குழந்தை மழலையில் 'அப்பா புத்தகம் படிக்க' என்றால் எப்படி இருக்குமோ அதே வரிசை.

ஒரு ரயில் வாக்கியம்

கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மாணவியிடம் ஒரு வாக்கியம் கொடுத்தேன். 'நான் நாளை ரயிலில் உட்ரெக்ட்டுக்குப் போகிறேன்.' முதலில் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதன் வரிசை: நான், போகிறேன், உட்ரெக்ட்டுக்கு, ரயிலில், நாளை. பிறகு டச்சு வாக்கியத்தைத் திரையில் காட்டினேன்:

'இக் ஹா மோர்ஹன் மெட் த ட்ரெய்ன் நார் உட்ரெக்ட்.'

நான், போகிறேன், நாளை, ரயிலில், உட்ரெக்ட்டுக்கு.

'போகிறேன்' என்ற ஒரு சொல் மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது. காலம், விதம், இடம் என்று மற்ற மூன்றும் தமிழில் இயல்பாக வரும் வரிசையிலேயே நிற்கின்றன. ஆங்கிலத்தில் அந்த மூன்றும் அப்படியே தலைகீழ். மாணவி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அக்கா, அப்படியானால் நான் இவ்வளவு நாளும் சுற்றிக்கொண்டா போனேன்?"

ஆம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, மறுபடி டச்சுக்காக இன்னொரு முறை திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை திருப்புகையில்தான் பாதி வாக்கியம் திரும்பாமல் நின்றுவிடுகிறது.

வினைக்கும் வாக்கியத்தின் கடைசிக்கும் நடுவே இருக்கும் பகுதியில் தமிழ் வரிசை பெரும்பாலும் அப்படியே செல்லும் என்பதுதான் தமிழ் மாணவருக்கு நான் முதலில் சொல்வது. 'குன்ட் யூ மோர்ஹன் அன் மொன்தேர் ஸ்தூரன்?' என்பதில் 'யூ'வில் தொடங்கிப் படித்துப் பாருங்கள்: நீங்கள், நாளை, ஒரு பழுதுபார்ப்பவரை, அனுப்ப. கேள்வி என்பதால் 'முடியுமா' மட்டும் தலைப்பக்கம் வந்துவிட்டது.

முற்றும் எச்சமும்

இங்கே தமிழ் இலக்கணத்தின் இரண்டு சொற்கள் எனக்குக் கைகொடுத்தன. டச்சு வினைகளில் காலமும் எழுவாயும் காட்டும் வடிவத்தை முற்று என்று வைத்துக்கொள்வோம். 'ஹெப்', 'இஸ்', 'கன்', 'பெல்' எல்லாம் முற்று. எழுவாய் யாராக இருந்தாலும் மாறாத 'ஹபெல்ட்', 'ஸ்தூரன்', 'ஸ்லாப்பன்' ஆகியவை எச்சம். தமிழ் இலக்கணப்படி துல்லியமாகப் பார்த்தால் 'ஹபெல்ட்'டை எச்சம் என்று அழைப்பதில் இலக்கணக்காரர்கள் குறை காணலாம். வகுப்பறைக்கு இது போதும்.

விதி இவ்வளவுதான்: எல்லா வினைகளும் கடைசியில் இருக்கின்றன. முதன்மை வாக்கியமானால் முற்று மட்டும் எழுந்து இரண்டாம் இடத்துக்கு வருகிறது. எச்சம் அசையாது.

மாணவியை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிக் காகிதத் துண்டில் எழுதி மேசையில் அடுக்கச் சொன்னேன். கேமராவை மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதலில் 'டாட்' என்ற சொல்லில் தொடங்கும் துணை வாக்கியம்:

டாட் | இக் | ஹிஸ்தரன் | யூ கந்தோர் | ஹபெல்ட் | ஹெப்

துண்டுகளுக்குக் கீழே தமிழில்: நான், நேற்று, உங்கள் அலுவலகத்தை, அழைத்து, இருக்கிறேன். 'ஹபெல்ட் ஹெப்' என்பது சொல்லுக்குச் சொல் 'அழைத்திருக்கிறேன்'. தமிழில் இதன் முடிவில் 'என்று' வரும்; டச்சில் அந்த வேலையை முன்னால் நிற்கும் 'டாட்' செய்கிறது. கடிதத்தில் கலைந்து கிடந்த வாக்கியம் இங்கே முதல் முயற்சியிலேயே சரியாக அமைந்தது.

அடுத்து 'டாட்' துண்டை எடுத்துவிட்டு, கடைசித் துண்டான 'ஹெப்'பை இரண்டாம் இடத்தில் வைக்கச் சொன்னேன். 'இக் ஹெப் ஹிஸ்தரன் யூ கந்தோர் ஹபெல்ட்.' பிறகு 'ஹிஸ்தரன்' தலைக்கு வரட்டும் என்றேன். அவர் அந்தத் துண்டைத் தூக்கி முதலில் வைத்தார். பழக்கதோஷத்தில் வரிசை 'ஹிஸ்தரன் இக் ஹெப்' என்று ஆனது. எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஹிஸ்தரன் ஒன்று, இக் இரண்டு, ஹெப் மூன்று. முற்று மூன்றாம் இடத்தில் நிற்கிறது. அவராகவே 'இக்'கை நகர்த்தி 'ஹெப்'புக்குப் பின்னால் வைத்தார்.

டச்சு இலக்கண நூல்கள் இந்த அமைப்பை இடுக்கி என்று அழைக்கின்றன. முன்னால் முற்று ஒரு கை, பின்னால் எச்சம் இன்னொரு கை, நடுவில் மற்றதெல்லாம். மாணவியின் பழைய வாக்கியங்களில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டிருந்தன: 'ஹெப் ஹபெல்ட்', 'குன்ட் யூ ஸ்தூரன்'. இடையில் எதையும் பிடிக்க இடமில்லை. அதனால்தான் அலுவலகமும் பழுதுபார்ப்பவரும் நாளையும் வாக்கியத்துக்கு வெளியே விழுந்து கிடந்தார்கள்.

இரண்டாம் இடம் என்றால் இரண்டாம் சொல் என்று பொருள் இல்லை. முதலிடத்தில் ஒரே ஓர் உறுப்புதான் இருக்கலாம், அந்த உறுப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். முழுத் துணை வாக்கியமே முதலிடத்தில் உட்கார்ந்தால்? 'அல்ஸ் ஹெட் கௌட் இஸ்' என்பது முழுவதும் ஓர் உறுப்பு. அடுத்து வர வேண்டியது முற்று. ஆகவே '... இஸ், கன் ஸெய் ...' துணை வாக்கியத்தின் முற்று அதன் கடைசியில். முதன்மை வாக்கியத்தின் முற்று இரண்டாம் இடத்தில். நடுவில் ஒரு காற்புள்ளி. இதை மாணவி நம்பவே மறுத்தார். "இரண்டு வினை முட்டிக்கொண்டு நிற்கிறதே அக்கா, எங்கேயோ தப்பு இருக்கிறது" என்றார். டச்சு நாளிதழ் ஒன்றைத் திறந்து, காற்புள்ளிக்கு இரண்டு பக்கமும் வினை நிற்கும் இடங்களைத் தேடச் சொன்னேன். முதல் பக்கம் முடிவதற்குள் போதும் என்றார்.

1981 ஆய்வு சொன்னது

தாய்மொழி வரிசை டச்சு கற்பவரை எப்படிப் பாதிக்கிறது என்பதை நெதர்லாந்தில் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். பெர்ட் யான்சன், யோசின் லாலமன், பீட்டர் மௌஸ்கன் ஆகிய மூவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, தொழிலாளர்களாக அங்கே வந்த துருக்கியரும் மொரோக்கோவினரும் டச்சுச் சொல்வரிசையை எப்படிக் கற்கிறார்கள் என்று பார்த்தது. துருக்கிய மொழியில் தமிழைப் போலவே வினை கடைசியில். மொரோக்கோவினர் பேசும் மொழிகள் அப்படி அல்ல. கிடைத்த முடிவு: டச்சு காட்டும் இரண்டு வரிசைகளில் துருக்கியர் கடைசி வினையைப் பிடித்துக்கொண்டு அதை முதன்மை வாக்கியத்திலும் போட்டார்கள். மொரோக்கோவினர் வினையை நடுவில் வைத்து அதையே எங்கும் பரப்பினார்கள். கற்கும் மொழி இரண்டு வழிகளைத் திறந்து வைத்தால், கற்பவர் தனக்குப் பழக்கமான வழியில் போய்விடுகிறார்.

தமிழரும் துருக்கியரைப் போலத்தானே பிழை செய்ய வேண்டும்? 1980களில் இலங்கையிலிருந்து அகதியாக வந்து, ஆங்கிலத்தின் துணை இல்லாமல் காதால் கேட்டே டச்சு பழகிய பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் 'இக் ஹிஸ்தரன் கந்தோர் பெல்லன்' என்பார். நான், நேற்று, அலுவலகம், அழைக்க. துருக்கியத் தொழிலாளரின் வாக்கியம்தான் இது. இதைத் திருத்த வினைக்கு உருவம் கொடுத்து, முற்றை முன்னால் தூக்கி வைத்தால் போதும். என் மாணவியின் வாக்கியத்தையோ முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. அவர் தாய்மொழி தமிழ். ஆனால் டச்சைப் பொறுத்தவரை அவர் மொரோக்கோவினரின் பக்கத்தில் நின்றார். ஆங்கிலம் தெரிந்தவர் டச்சு கற்பது சுலபம் என்ற பேச்சை நான் சொற்களுக்கு மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன்.

மறைந்திருந்த பிழைகள்

கடிதத்தில் நான் மேலே தராத ஒரு வாக்கியம் உண்டு: 'இக் வேட் நீட் வனேர் த மொன்தேர் கொம்ட்.' பழுதுபார்ப்பவர் எப்போது வருவார் என்று எனக்குத் தெரியவில்லை. துணை வாக்கியத்தில் வினை கடைசியில் இருக்கிறது, சரியானது. ஆனால் இங்கே விதி தெரிந்து எழுதியிருக்கிறாரா என்பதை அறிய வழியில்லை. 'பழுதுபார்ப்பவர் வருகிறார்' என்று இரண்டே உறுப்பு இருந்தால் எந்த வரிசையிலும் வினைதான் கடைசி. 'மோர்ஹன்' என்ற சொல்லை அதில் சேர்க்கச் சொன்னதும் 'வனேர் த மொன்தேர் கொம்ட் மோர்ஹன்' என்று வந்தது. குட்டி வாக்கியங்களால் மட்டும் மாணவரைச் சோதித்தால் தேறிவிட்டார் என்றே தோன்றும்.

இன்னொரு மறைவிடம் 'வன்ட்' என்ற சொல். 'ஒம்டாட்' போலவே இதுவும் காரணம் சொல்லப் பயன்படும். ஆனால் இது இரண்டு முதன்மை வாக்கியங்களை இணைக்கும் சொல். அதனால் இதற்குப் பிறகு வினை கடைசிக்குப் போகாது: 'வன்ட் மெய்ன் டொஹ்தர் இஸ் ஸீக்.' பலர் 'ஒம்டாட்' தரும் தொல்லைக்குப் பயந்து காலமெல்லாம் 'வன்ட்' போட்டே எழுதித் தப்பிக்கிறார்கள். மாணவியும் அந்தப் பாதையைக் கண்டுபிடித்திருந்தார். அரசுத் தேர்வின் எழுத்துப் பகுதியில், தொடங்கிவைத்த வாக்கியத்தை முடித்துக்கொடு என்று கேட்பதுண்டு. 'நாளை என்னால் வர முடியாது, ஒம்டாட் ...' என்று தாளில் அச்சாகியிருந்தால் 'வன்ட்' உதவிக்கு வராது.

தமிழ் எங்கே கைவிடுகிறது

தமிழைப் பிடித்துக்கொண்டால் டச்சு முழுவதும் வசப்படும் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. துணை வாக்கியத்துக்கு உள்ளே தமிழ் வரிசை பொருந்துகிறது. துணை வாக்கியத்தை எங்கே வைப்பது என்பதில் பொருந்தாது. 'அவர் நாளை வருவார் என்று நினைக்கிறேன்' என்று நாம் 'நினைக்கிறேன்' என்பதைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்கிறோம். டச்சுக்காரர் 'இக் டெங்க் டாட் ஹெய் மோர்ஹன் கொம்ட்' என்று நினைப்பை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போகிறார். காரணத்தைக் காட்டும் '-ஆல்' நமக்கு வினையின் வாலில் ஒட்டுகிறது. அவர்களுக்கு 'ஒம்டாட்' தலையில்.

பெயரெச்சமும் அப்படித்தான். 'நேற்று வந்த பழுதுபார்ப்பவர்' என்பது டச்சில் 'பழுதுபார்ப்பவர்' என்று தொடங்கி, 'டீ ஹிஸ்தரன் க்வாம்' என்று பின்னால் விளக்கம் சொல்லும். ஆனால் அரசு அலுவலகக் கடிதங்களில் ஒரு விசித்திரம் உண்டு. 'த தோர் யூ ஹஸ்தூர்த பிரீஃப்': உங்களால் அனுப்பப்பட்ட கடிதம். நம் பெயரெச்சம் அச்சு அசலாக அப்படியே வந்துவிடுகிறது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் திணறும் இந்தத் தொடரை, தமிழில் நினைத்துப் பார் என்று சொன்னதும் மாணவி ஒரே மூச்சில் படித்துவிட்டார். டச்சுக்காரர்களே இந்த நடையை வறட்டு அலுவலக நடை என்று கேலி செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

தமிழ் உண்மையாகவே கைவிடும் இடம், கடைசியில் வினைகள் கூட்டமாகச் சேரும் இடம். 'அழைத்திருக்கிறேன்' என்பதற்கு 'ஹபெல்ட் ஹெப்' என்றும் வரலாம், 'ஹெப் ஹபெல்ட்' என்றும் வரலாம். துணை வாக்கியத்தில் இரண்டும் சரி. முதலாவதைப் பச்சை வரிசை என்றும் இரண்டாவதைச் சிவப்பு வரிசை என்றும் அழைக்கிறார்கள். வட்டார வழக்குகளைக் காட்டும் வரைபடம் ஒன்றில் தீட்டிய நிறங்களால் வந்த பெயர்கள். பச்சை தமிழுக்கு இணக்கமானது, அதனால் அதிலேயே தொடங்கினேன். எழுத்தில் சிவப்பை அதிகம் பார்க்கலாம் என்பதால், படிக்கும்போது மிரளாமல் இருக்க அதையும் காட்டிவைத்தேன்.

மூன்று வினை சேர்ந்தால் இந்தச் சலுகையும் போய்விடுகிறது. 'என் மகளால் தூங்க முடியாமல் போனதால்' என்பதற்கு: 'ஒம்டாட் மெய்ன் டொஹ்தர் நீட் ஹேஃப்ட் குனன் ஸ்லாப்பன்.' ஸ்லாப்பன் தூங்க, குனன் முடிய, ஹேஃப்ட் துணைவினை. தமிழில் தூங்குவது முதலில், முடிவது அடுத்து, காலம் காட்டும் துணைவினை கடைசி. டச்சில் மூன்றும் எதிர்த்திசையில் நடக்கின்றன. ஜெர்மன் மொழியும் இங்கே டச்சுடன் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. 'நான் என் மகள் கடிதம் எழுதுவதைப் பார்த்தேன்' என்பது துணை வாக்கியமாக வந்தால் ஜெர்மானியர் நம்மைப் போல எழுதுவதை முதலிலும் பார்ப்பதைக் கடைசியிலும் வைப்பார்கள். டச்சுக்காரர் 'டாட் இக் மெய்ன் டொஹ்தர் த பிரீஃப் ஸாக் ஸ்க்ரெய்வன்' என்பார்: நான், என் மகள், கடிதம், பார்த்தேன், எழுத. முதல் பெயருக்கு முதல் வினை, இரண்டாம் பெயருக்கு இரண்டாம் வினை என்று கோடு போட்டால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்.

இந்த வெட்டும் கோடுகள் 1970களிலும் 1980களிலும் மொழியியலாளர்களுக்கும் கணினியியலாளர்களுக்கும் பெரிய விவாதப் பொருளாக இருந்தன. மனித மொழியை எவ்வளவு எளிய கணித இலக்கணத்தால் விளக்க முடியும் என்பது கேள்வி. 1986இல் பாக், பிரவுன், மார்ஸ்லன்-வில்சன் மூவரும் டச்சுக்காரர்களையும் ஜெர்மானியர்களையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். வினைகள் மூன்றாகக் கூடும்போது, ஜெர்மானியர் தங்கள் வரிசையைப் புரிந்துகொண்டதைவிட டச்சுக்காரர்கள் தங்கள் வரிசையைச் சுலபமாகப் புரிந்துகொண்டார்கள். நம் தமிழ் மூளைக்கு இயல்பாகப் படும் வரிசை எல்லோருக்கும் சுலபமானதுதான் என்ற எண்ணத்துக்கு அது நல்ல மருந்து. மாணவிக்கு இதை விதியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. 'ஹேஃப்ட் குனன்', 'ஹேஃப்ட் மூத்தன்' என்று ஜோடிகளாக மனப்பாடம் செய்யவைத்தேன். பி1 நிலைக்கு அது போதும்.

பிறகு நடந்தது

முதலில் மாறியது எழுத்து அல்ல, கேட்டல். 'இக் ஹெப் த மொன்தேர் ஹிஸ்தரன் நீட் ...' என்ற இடம்வரை டச்சுக்காரர் பேசியிருந்தால், அவர் பழுதுபார்ப்பவரை அழைக்கவில்லையா, பார்க்கவில்லையா, அவருக்குப் பணம் தரவில்லையா என்று தெரிய கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலக் காதோடு கேட்டபோது மாணவி 'ஹெப்'பிலேயே பொருளைத் தேடி, வராத பதற்றத்தில் மீதியைத் தவறவிட்டார். தமிழில் படித்தேனா படிக்கவில்லையா என்பதுகூடக் கடைசி அசையில்தான் தெரிகிறது. காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. அதை நினைவூட்டியதும் கேட்டல் பயிற்சியில் முன்னேற்றம் தெரிந்தது.

எழுத்தில் முதலில் வந்தது புதுப் பிழை. முன்பு சரியாக எழுதிக்கொண்டிருந்த 'வன்ட்' வாக்கியங்களில் வினை கடைசிக்கு ஓடத் தொடங்கியது: 'வன்ட் மெய்ன் டொஹ்தர் ஸீக் இஸ்.' சில முதன்மை வாக்கியங்களும் இலங்கைப் பெரியவரின் பாணிக்குப் போயின. எனக்கு இது கவலை தரவில்லை. விதியைப் பிடித்துக்கொண்டார், அதன் எல்லை மட்டும் இன்னும் தெரியவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். 'என்' (மற்றும்), 'மார்' (ஆனால்), 'வன்ட்' ஆகிய டச்சு இணைப்புச் சொற்களை ஒரு தாளில் எழுதி, இவற்றுக்குப் பின்னால் புது முதன்மை வாக்கியம்தான் தொடங்குகிறது என்று ஒட்டிவைத்துக்கொண்டார். மெல்ல மெல்ல அடங்கியது. வெப்பமூட்டிக் கடிதத்தைப் பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதச் சொன்னபோது வினைகள் எல்லாம் இடத்தில் இருந்தன. காற்புள்ளிக்கு இருபுறமும் வினை நின்ற வாக்கியத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிரிப்புப் படம் வரைந்திருந்தார்.

தேர்வின் எழுத்துப் பகுதியில் தேறிவிட்டார். நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம் என்பதால் பேசுதல் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதில்தான் சிக்கல். பதில் சொல்ல நொடிக்கணக்கில்தான் நேரம் தருகிறார்கள். அந்த அவசரத்தில் 'மோர்ஹன் இக் ஹா...' என்று பழைய வரிசை வாயில் வந்துவிடுகிறது. துணை வாக்கியத்தின் கடைசி வினை பேச்சிலும் வந்துவிட்டது. நேரச் சொல்லில் தொடங்கினால் முற்று உடனே பின்தொடர வேண்டும் என்பதுதான் இன்னும் நாக்குக்குப் பழகவில்லை.

அதனால் இப்போது எங்கள் வகுப்பில் 'இக்' என்று வாக்கியத்தைத் தொடங்கத் தடை. நான் என்ன கேட்டாலும் அவர் இன்று, நேற்று, காலையில், கடையில், மழை பெய்தால் என்று ஏதாவது ஒன்றை முதலில் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். முதல் உறுப்பைச் சொல்லும்போது இடதுகை ஒரு விரல் நீட்டுகிறது, இரண்டாவது விரல் நீளும்போது வாயில் முற்று இருக்க வேண்டும். தேர்வறையிலும் மேசைக்குக் கீழே விரலை நீட்டிக்கொள்வேன், அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்கிறார்.